வலது கண்: இரண்டே முக்கால்

அநீதி இழைக்கப்பட்டவர் என் அம்மா ருக்குமணி, வயது நாற்பத்தேழு. இழைத்தவர்கள் இரண்டு பேர். ஆன்லைனில் பவர் கண்ணாடி விற்கிற ஒரு கம்பெனி, தப்பான கண்ணாடியை அனுப்பி அம்மாவின் பார்வையைக் கெடுத்தது. இந்த பனியன் கம்பெனி, ஒன்பது வருடம் செக்கிங் மேசையில் நின்றவளைப் போன வாரம் கைமடிக்க உட்கார வைத்தது. இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும், யாருக்கு, யாரால், என்ன, மூன்றும் முதல் மூச்சிலேயே வந்துவிட வேண்டும், அப்புறம்தான் எதிரில் இருப்பவனுக்கு நெளிய இடம் இருக்காது. கைமடி என்றால் தைக்கிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணியின் ஓரத்தை மடித்து மடித்துக் கொடுப்பது, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் யாரும் செய்வது. அம்மா அதைத் தாண்டி வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மணி பன்னிரண்டு இருபது. ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி அடிக்கும், சூப்பர்வைசர் குப்புராஜ் அப்போதுதான் வெளியே வருவாராம். வாட்ச்மேன் மாரப்பன் கேட்டுக்குப் பக்கத்துக் கூண்டுக்குள் எனக்கு ஒரு இரும்பு நாற்காலி போட்டுவிட்டு, அவர் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். யுனிவர்சிட்டியில படிக்கிற புள்ளையா நீயி, உங்கொம்மா சொல்லும், பேச்சுல கப்பெல்லாம் வாங்கியிருக்கியாமா என்றார். ஆமாங்க என்றேன். அதற்குமேல் சொல்லவில்லை, பேச்சை மிச்சப்படுத்தி வைத்திருக்கிறேன். மடியில் கண்ணாடிக் கூடு, கண்ணாடிக்காரர்களிடம் கேட்கிறேன் என்று அம்மாவிடமிருந்து வாங்கி வைத்தது. கையில் போன். போனில் கண்ணாடிக் கம்பெனியின் சாட் திறந்திருக்கிறது, உங்களுக்கு முன்னால் பதினொரு பேர் காத்திருக்கிறார்கள் என்கிறது. பதினொரு அம்மாக்கள். பதினொரு பேருக்கும் தரை சாய்ந்து தெரிகிறதா என்ன.

உள்ளே எங்கோ ஸ்டீம் விடுகிற சத்தம். நனைந்த துணியைச் சுட்டால் வருகிற வாசம், இந்த வாசத்தோடுதான் அம்மா தினமும் வீட்டுக்கு வருவாள், முடியிலும் புருவத்திலும் பஞ்சுத் துகள் ஒட்டியிருக்கும், சின்ன வயதில் அதைப் பார்த்து அம்மாவுக்கு நரைத்துவிட்டது என்று நான் அழுததாகச் சொல்வாள். குழந்தைகள் போடுகிற சட்டைகள்தான் இங்கே அதிகம். ட்யூப்லைட்டுக்குக் கீழே சட்டையை விரித்து, தோள், கழுத்து, கை, கீழ்மடிப்பு என்று விரல் ஒரு சுற்று ஓடும், தையல் விட்ட இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். ஒரு சட்டைக்கு இருபது எண்ணுவதற்குள் முடிந்துவிட வேண்டும். அம்மா அம்பு ஒட்டினால் அது திரும்பத் தையலுக்குப் போகும், ஒட்டாவிட்டால் கப்பலுக்குப் போகும், நடுவில் யாரும் கேட்க மாட்டார்கள், அம்மாவின் கண்தான் கடைசி. அதனால்தான் போன தீபாவளிக்கு அப்புறம் ஊசி கோக்கும்போது அவள் போனைத் தள்ளிப் பிடிப்பது மாதிரி ஊசியையும் தள்ளிப் பிடிப்பதைப் பார்த்ததும் நான் கண்ணாடி போட்டே ஆக வேண்டும் என்று சொன்னேன். கம்பெனியில் ஒரு கண் முகாம் வந்தபோது சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். சீட்டில் இரண்டு கட்டம், ஒன்றில் ஒன்று, இன்னொன்றில் இரண்டே முக்கால், இரண்டும் ப்ளஸ். கட்டங்களுக்கு மேலே எது எந்தக் கண் என்று எழுதியிருக்க வேண்டிய இடத்தில் முகாம் நடத்தின சங்கத்தின் ஊதா முத்திரையை அப்பியிருந்தார்கள். கடையில் போய் வாங்கிக்கலாம் அம்மிணி என்றாள் அம்மா. கடைக்காரன் ஏமாற்றுவான், ஆன்லைனில் நாமே எல்லாவற்றையும் பார்த்துப் போடலாம், திருப்பியும் அனுப்பலாம் என்று நான் அரைமணி நேரம் விளக்கினேன். அரைமணி நேரம் இருக்காது. சரி, இருக்கும்.

இரண்டு கண்ணுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அவர்களே போனில் அளந்துகொள்கிறார்கள், அதற்கு ஏடிஎம் கார்டு ஒன்றை நெற்றியில் ஒட்டினமாதிரி பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பட்டை போட்டாப்ல இருக்குதா என்று கேட்டு அம்மா சிரிக்க, கார்டு வழுக்க, நான் அதட்ட, நான்காவது படம்தான் சரியாக வந்தது. அந்தப் படம் இன்னும் போனில் இருக்கிறது. உனக்கு எந்தக் கண்ணும்மா ரொம்ப மோசம் என்று கேட்டேன். இந்தக் கண்ணுதான்னு அந்த நர்ஸ் புள்ள சொல்லுச்சு என்று ஒரு கண்ணைப் பொத்திக் காட்டினாள். சீட்டிலும் இரண்டே முக்கால் வலதுபக்கக் கட்டத்தில் இருந்தது, அம்மா பொத்தினதும் வலதுபக்கம். இரண்டு சாட்சி, ஒரே வாக்குமூலம். நிரப்பினேன். இதில் என் பக்கம் எந்த ஓட்டையும் இல்லை, இதைத்தான் நான் சாட்டில் சொல்லப் போகிறேன், நாங்கள் கொடுத்த பவர் ஒன்று, நீங்கள் செய்த கண்ணாடி வேறு, வேறாக இல்லாவிட்டால் ஏன் அவளுக்குத் தரை சாய்கிறது. முன்னால் ஒன்பது பேர். மாரப்பன் ஃபிளாஸ்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றி, குடிக்கிறியா அம்மிணி என்று நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் பரவாயில்லை என்பது மாதிரி குடிக்க ஆரம்பித்தார், உறிஞ்சுகிற சத்தம், அதற்குப் பின்னால் ஸ்டீம் சத்தம், அதற்கும் பின்னால் நூறு தையல் மெஷின். அதில் ஒன்றுக்குப் பக்கத்தில் அம்மா மடித்துக்கொண்டிருக்கிறாள். அதற்குக் கண்ணே வேண்டாம், விரல் போதும். அதுதான் தாங்கவில்லை.

கண்ணாடி வந்த காலை. வேண்டாம், அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாதது. ஆனாலும் வருகிறது. பெட்டியைப் பிரித்து நானே மாட்டிவிட்டேன், காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கி, எப்பிடிம்மா இருக்கு என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், காலண்டரைப் பார்த்தாள், ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டாள். தரை ஒருபக்கம் தூக்கிட்டு நிக்குது, இந்தக் கண்ணுல ஒண்ணு பெருசாத் தெரியுது, இதுல மசமசன்னு இருக்குது, இது என்ற பவர் இல்லியாட்டம் இருக்குதே என்றாள். புதுக் கண்ணாடி என்றால் யாருக்கும் முதல் இரண்டு வாரம் அப்படித்தான் இருக்கும் என்றேன். மூளை பழக வேண்டும் என்றேன். செருப்பே பழகுவதற்கு நாலு நாள் ஆகிறது, இது கண் என்றேன். இத்தனை நாள் தப்பாகவே பார்த்துப் பழகியிருக்கிறாய், அதனால்தான் சரியானது தப்பாகத் தெரிகிறது என்றேன், அது நன்றாக விழுந்தது, சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது. பழகுவதற்கு முன்னாலேயே கழற்றுகிறவர்களுக்குத்தான் தலைவலி வரும் என்றும் சொன்னேன், அது எங்கே படித்தேன் என்று இப்போது ஞாபகமில்லை, படித்தேனா என்றும் ஞாபகமில்லை. அம்மா கதவுப்பக்கம் டிபன் பையோடு நின்றுகொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் சரி அம்மிணி என்றாள். நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்தேன் என்று அப்போது நினைத்தேனா? நினைத்தேன். அதே வேகத்தில் அன்றைக்கு விடுதிக்குப் பஸ் ஏறிப் போய், சாயங்காலம் துறையில் நடந்த விவாதத்திலும் ஜெயித்தேன், நடுவராக வந்த பேராசிரியர் எதிரணிக்கு மூச்சுவிடவும் இடம் தராதவர் மேகலா என்றார், எல்லோரும் கை தட்டினார்கள். எதற்காக இதை நினைக்கிறேன். முன்னால் ஏழு பேர்.

பரிமளா அக்கா போன் செய்தது போன செவ்வாய்க்கிழமை. அம்மாவுக்கு எதிர்மேசையில் நிற்கிறவள், எப்போதும் சிரித்துக்கொண்டே பேசுகிறவள், அன்றைக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அம்மிணி, உங்கொம்மாளுக்கு என்னமோ ஆயிருச்சு, கண்ணாடியத் தலைகீழாப் போட்டுட்டுப் பாக்குது என்றாள். டீ டைம் முடிந்து அவசரமாக எடுத்ததில் ஒருநாள் கண்ணாடி தலைகீழாக மாட்டியதாம், மாட்டாமல் நழுவியதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே சட்டையைப் பார்த்துவிட்டு, அடியே, இப்பத் தையல எண்ணலாமாட்ட இருக்குது என்றாளாம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அப்புறம் யாரும் பார்க்காதபோது அப்படியே வைத்துப் பார்க்க ஆரம்பித்திருக்கிறாள். காம்பு இரண்டும் மேலே நிற்கும், மூக்கில் உட்காராது, ஒரு கை அதைப் பிடிக்கவே போய்விடும், ஒரு கையால் சட்டையைத் திருப்ப முடியாது, இருபது எண்ணுவதற்குள் முடிவது அறுபது ஆகும். நேராகப் போட்டால் வேகம் வரும், தப்பு தெரியாது. நாற்பது சட்டை திரும்பி வந்துவிட்டது, எல்லாம் அம்மா விட்டது, இப்போது கைமடியில் உட்கார்ந்திருக்கிறாள் என்றாள். போனை வைத்ததும் நான் தேடினேன். பார்வை, தலைகீழ், என்ன காரணம் என்று தேடினேன். தேடியிருக்கக் கூடாது. தலைக்குள் கட்டி இருந்தால் என்று ஒரு பக்கம் சொன்னது, ரத்தம் உறைந்தால் என்று இன்னொன்று. விடுதியில் என் கட்டிலில் உட்கார்ந்து அம்மா வாசல்படியில் கால் வைக்கிற விதத்தை நினைத்து நினைத்துப் பார்த்தேன். போன முறை படி இறங்கும்போது சுவரைத் தொட்டாளா. ஆமாம் தொட்டாள். மூன்றாம் நம்பர் பஸ்ஸை எட்டு என்று சொன்னாளே, சிரித்தோமே. ஸ்கேன் எடுக்க வேண்டும், நாளைக்கே. அம்மா இல்லாத வீடு ஒரு விநாடி முழுதாக வந்து நின்றது, ஊசிப் பெட்டி, அதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை, அவ்வளவுதான், அதற்குமேல் பார்க்க முடியாமல் எழுந்து முகம் கழுவினேன். முகத்தைத் துடைக்கும்போதுதான் கோபம் வந்தது. கோபம் வந்ததும் நிம்மதியாக இருந்தது. கட்டி இல்லை, கண்ணாடி. யாரோ ஒருவன் எங்கேயோ கவனமில்லாமல் அரைத்த கண்ணாடி. அவனை விடக் கூடாது.

முன்னால் யாரும் இல்லை. வணக்கம், நான் வினிதா, உங்களுக்கு எப்படி உதவட்டும். எழுதி வைத்திருந்ததை அப்படியே ஒட்டினேன். என் அம்மாவுக்கு நீங்கள் அனுப்பிய கண்ணாடி சீட்டில் உள்ள பவர்ப்படி இல்லை, அதனால் அவர் வேலையில் இறக்கப்பட்டிருக்கிறார், இதற்கு உங்கள் எழுத்துபூர்வமான பதில் வேண்டும், இல்லாவிட்டால் நுகர்வோர் மன்றம், பழகிவிடும் என்று சொல்லித் தட்டிக் கழிக்க வேண்டாம். அனுப்பியதும் கடைசி வரி கண்ணில் குத்தியது. பழகிவிடும் என்று அந்தக் கம்பெனி எங்கே சொன்னது. அந்த வார்த்தையை அவர்கள் இன்னும் சொல்லவேயில்லை. சொல்வார்கள், எல்லாக் கம்பெனியும் அதைத்தான் சொல்லும் என்று எனக்கே நான் பதில் சொல்லிக்கொண்டேன். ஒரு நிமிடம் பொறுங்கள் என்று வினிதா எழுதினாள். பொறுத்தேன். வண்டி ஒன்று வந்தது, மாரப்பன் எழுந்து கேட்டைத் தள்ளினார், நோட்டில் நம்பரை எழுதினார், திரும்ப வந்து உட்கார்ந்தார். பதில் வந்தது. சிரமத்துக்கு வருந்துகிறோம் மேடம், நீங்கள் நிரப்பிய படிவத்தை இணைத்திருக்கிறோம், வலது கண் ப்ளஸ் இரண்டே முக்கால், இடது கண் ப்ளஸ் ஒன்று, கண்ணாடி அதே பவரில்தான் செய்யப்பட்டிருக்கிறது, இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்ததால் வலது இடது சரிதானா என்று ஒன்பதாம் தேதி கேட்டிருந்தோம், உங்கள் பதிலும் கீழே இருக்கிறது. கீழே இருந்தது. சரிபார்த்தாகிவிட்டது, தாமதிக்காமல் அனுப்பவும். ஒன்பதாம் தேதி எனக்கு ஒத்திகை இருந்தது, மேடைக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒரு கையால் அடித்தேன். சரி, அதனால் என்ன, வலது இரண்டே முக்கால் என்றுதானே சீட்டிலும் இருக்கிறது, அப்படியானால் சீட்டு தப்பு, முகாம் தப்பு, முத்திரை குத்தினவன் தப்பு, அவனைத்தான் பிடிக்க வேண்டும் என்று என் மனசு அடுத்த ஆளைத் தேடி ஓடிக்கொண்டிருக்க, எதிரில் மாரப்பன் மணி பார்க்கக் கையைத் தூக்கினார்.

வாட்ச் அவருடைய இடதுகையில் கட்டியிருந்தது. எல்லோரும் கட்டுகிற கை. எனக்கு அது வலதுபக்கத்தில் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் இருக்குது அம்மிணி, வந்துருவாரு என்றார் அவர், நான் நேரத்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு. போனில் அந்தப் படத்தை எடுத்தேன், நெற்றியில் கார்டு, சிரிப்பை அடக்குகிற வாய். நான் இந்தப்பக்கம் நின்றேன், அம்மா அந்தப்பக்கம் நின்றாள், அவள் பொத்தினது என் வலதுபக்கம். அவளுக்கு இடது. சீட்டும் அப்படித்தான், எதிரில் உட்கார்ந்து சோதித்தவர் தனக்குத் தெரிந்த பக்கத்தில் எழுதினது. ஊசி கோக்கும்போது எந்தக் கண்ணை மூடுவாள் என்று யோசித்தேன், பக்கத்தில் உட்கார்ந்து நூலை எச்சில் தொட்டுத் தருகிறவள் நான்தான், என் தோளை ஒட்டின பக்கத்துக் கண்ணை மூடுவாள், நான் எப்போதும் அவளுக்கு இடதுபக்கம்தான் உட்காருவேன். மோசமான கண்ணை மூடிக்கொண்டு நல்ல கண்ணால் கோப்பாள். இருபத்திரண்டு வருடமாகத் தெரிந்த விஷயம். கூட்டிலிருந்து கண்ணாடியை எடுத்தேன். தலைகீழாகத் திருப்பினேன். வலது கண்ணுக்கு முன்னால் இருந்த சில்லு இடது கண்ணுக்குப் போனது, இடது வலதுக்கு வந்தது. திரும்ப நேராக்கினேன். திரும்பத் திருப்பினேன். அவள் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, கட்டி இல்லை, ரத்தம் உறையவில்லை, ஒரு கையால் காம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த மூன்று வாரமும் இந்தக் கம்பெனியிலேயே சரியாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். எனக்கு அழுகை வரவில்லை. வாதம் வந்தது, இன்னும்கூட வந்தது: முத்திரை மறைத்தது என் தப்பா, வித்தியாசம் தெரிந்தவர்கள் போன் போட்டுக் கேட்க வேண்டாமா. வந்து வந்து ஓய்ந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் காலை கிடந்தது, நகராமல். எழுதினதைக்கூடத் தப்பு என்று விட்டுவிடலாம். தரை தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று அவள் சொன்னாளே. தன் கண்ணால் பார்த்ததை, தன் வாயால், என்னிடம் சொன்னாளே. வினிதா கேட்டுக்கொண்டிருந்தாள், மேடம், மாற்றிச் செய்து அனுப்பவா, ஐந்து நாளில் வந்துவிடும். ஆமாம், வலது ஒன்று, இடது இரண்டே முக்கால் என்று எழுதினேன். எழுதிவிட்டு நான்கு முறை படித்தேன்.

மணி அடித்தது. கேட்டின் அந்தப்பக்கம் செருப்புச் சத்தம் ஒரேயடியாக எழுந்தது, டிபன் பைகளோடு பெண்கள் வேப்பமர நிழலுக்கு வந்தார்கள். குப்புராஜ் கழுத்தில் அளவு டேப்பும் கையில் ஒரு குழந்தைச் சட்டையுமாக வந்தார், நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளம், நான் நினைத்திருந்ததைவிடக் களைப்பு. என்னமோ நாயங் கேக்கோணும்னு வந்திருக்கியாமா, கேளு என்றார். எனக்கு முதல் வரி தயாராக இருந்தது, அநீதி இழைக்கப்பட்டவர் என்று தொடங்குகிறது. ஏனுங்க எங்கம்மாவக் கைமடிக்கு மாத்துனீங்க என்று மட்டும்தான் வந்தது. நானெங்க மாத்துனேன் என்றார் அவர். நாப்பது பீஸ் திரும்பி வந்ததுக்கு நான் ஒரு சத்தம் போட்டேன், இல்லைங்கல. அவங்கதான் அடுத்த நாள் வந்து, கண்ணாடி சரியாத்தான் இருக்குதாமா, புள்ள சொல்லிப்போட்டா, அப்ப என்ற கண்ணுதான் கெட்டுப்போச்சு, இனி மேசைல நின்னா உங்களுக்குத்தான் நட்டம், என்னைய மடிக்க உட்டுருங்கன்னாங்க. ஒம்பது வருசத்து ஆள எவனாச்சும் மேசைய விட்டு எறக்குவானா.

அம்மா அதற்குள் என்னைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தாள், வகுப்பு இல்லையா, சாப்பிட்டாயா, முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டாள். புருவத்தில் பஞ்சு. குப்புராஜைப் பார்த்துக் கொஞ்சம் பயந்தமாதிரி சிரித்தாள், நான் எதையோ பேசிவிட்டேன் என்று. கண்ணாடிக்காரங்க என்னம்மா சொன்னாங்க என்று கேட்டாள். நான் கண்ணாடியைத் தலைகீழாகப் பிடித்து அவளிடம் நீட்டினேன்.

"உன் கண்ணு நல்லாத்தான் இருக்கும்மா. நான்தான் வலது இடது மாத்தி எழுதிட்டேன். அஞ்சு நாள்ல வேற வந்துரும்."

அவள் உடனே வாங்கவில்லை. நிழலில் இருந்து பரிமளா அக்காவும் மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு வாங்கி, காம்பு இரண்டும் மேலே நிற்க, எல்லோருக்கும் முன்னால் அப்படியே கண்ணுக்கு வைத்து, இன்னொரு கையால் குப்புராஜின் கையில் இருந்த சட்டையைத் தொட்டாள். அவர் அதன் இன்னொரு ஓரத்தைப் பிடித்து விரித்துக் கொடுத்தார். தோள், கழுத்து, கை. கீழ்மடிப்பில் விரல் நின்றது. இங்க மூணு தையல் விட்டிருக்குதுங்க என்றாள். அவர் குனிந்து பார்த்தார், தன் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார், பாக்கெட்டிலிருந்து சிவப்பு அம்பை எடுத்து அந்த இடத்தில் ஒட்டினார். கண்ணாடி வந்ததும் மேசைக்கு வந்துருங்க என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அம்மா கண்ணாடியை மடித்துக் கூட்டுக்குள் வைத்தாள், கூட்டின் மேல் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள், என்னைத் திட்டுவாள் என்று நின்றேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னைக்கே சொன்னியேம்மா, இது என் பவர் இல்லன்னு," என்றேன். "அப்புறம் ஏன் சரின்னு சொன்ன?"

"நீ பேசி முடிப்பீன்னு நின்னு பாத்தேன் அம்மிணி," என்றாள் அம்மா. "அதுக்குள்ள கம்பெனி வேன் வந்துருச்சு."